கடைமடை நாட்குறிப்பு

ஜூன் 10
வாய்க்கால் முடிகிற இந்தக் கடைமடை ஊர்களில் ஜனங்கள் பேசும் தமிழைப் பதிவு செய்கிறேன். நேற்றைய பதிவு 40 நிமிஷம் வீண். மின்விசிறி இரைச்சலில் ழ எது, ள எது என்றே பிரியவில்லை. இனி விசிறியை நிறுத்திவிட்டுத்தான். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், ஒரு சாண் தள்ளி ஓரமாக.

ஜூன் 12
மேட்டூர் அணை திறந்தாச்சு. இங்கே வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது.

ஜூன் 13
'வீட்டை எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்டால் 'வீடு' என்றுதான் பதில் வரும். கேள்வியே தப்பு. கூரை ஒழுகுவது, மாடு அவிழ்த்துக்கொண்டது என்று பேச்சை இழுக்கணும். கொஞ்ச நேரத்தில் 'வூட்டுல' தானாக விழும். முதல் பத்து நிமிஷம் மைக்குக்காகப் பேசிய தமிழ், கணக்கில் சேராது.

ஜூன் 15
வூடு விடமாட்டேன் என்கிறது. முன்னால் ப, ம, வ; நடுவில் இ, எ; பின்னால் ட, ண, ள. இப்படி அமைந்தால் உதடு குவியும். பிடி புடி, பெண் பொண்ணு, பெட்டி பொட்டி, மிளகாய் மொளகா. பின்னால் த வந்தால் குவியாது, பித்தளை யார் வாயிலும் புத்தளை ஆவதில்லை. வூடும் இதே வழியில் வந்ததுதான், உயிர் நெடில் என்பது மட்டும் வேறு. பொண்ணை வாத்தியாரும் சொல்கிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை. வூடு என்றால் உடனே 'எந்தத் தெரு?' அநியாயம்.

ஜூன் 16
அக்ரகாரம். 'ஆத்துல', 'அவா', 'வந்தேளா'. அங்கே ஒருத்தர் போனில் உரக்கடைக்காரரிடம் 'வந்தீங்களா'. வைத்த கையோடு உள்ளே திரும்பி 'வந்தேளா'. 'ஆத்துல' என்பதில் உள்ள ஆம், அகம்; அதாவது வீடு. வூடா வீடா என்ற வம்பே அங்கில்லை.

ஜூன் 18
நாகூர். குழம்பு ஆணம். அப்பாவுக்கு வாப்பாவா அத்தாவா என்று மட்டும் குறித்தால் போதாது, யாரிடம் சொன்னது என்பதும் வேணும். வெளியாளிடம் 'எங்கப்பா' ஆகிவிடும்.

ஜூன் 19
தண்ணி வரலை.

ஜூன் 21
மதகுக் கட்டையில் நாலு பேர். 'வூட்டுக்குப் போயிட்டு வாரேன்' என்று எழுந்தவர், நிலத்துக்காரர் வண்டி நின்றதும் 'வீட்டுல சொல்லிட்டேங்க' என்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்தது. பதிவைக் கேட்டு எழுத்தாக்கிய பையன் இரண்டையும் 'வீடு' என்று திருத்தி வைத்திருக்கிறான்! எதிரே யார், நின்றா உட்கார்ந்தா என்று ஓரத்தில் எழுதணும்.

ஜூன் 22
தங்களுக்குள் பேசும்போது நில அளவு மா, குழிதான்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஏக்கர் பேங்குக்கு.

ஜூன் 24
தண்ணி வந்துருச்சு. மதகில் ஒருத்தரும் இல்லை.