ஓடையில் கல் தடுப்பு: நடுவைத் தாழ்த்துங்கள்

2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனதே, அந்த வெள்ளத்தைக் கல் தடுப்பு போட்டெல்லாம் நிறுத்த முடியாது. சிமெண்ட் இல்லாமல் ஓடைக்குக் குறுக்கே கல்லை அடுக்குவதுதான் கல் தடுப்பு; அதன் வேலை மலையடி ஓடையில்தான். ஓட்டத்தை மந்தப்படுத்தும், மண்ணைப் பிடிக்கும், கீழே இருக்கிற ஏரி தூர்ந்துபோவதைத் தள்ளிப்போடும். வேலூர்ப் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் போட்டவையும் இந்த வகைதான்.

பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில். மேல்மட்டத்தைக் காம்பவுண்டு சுவர் மாதிரி நேராக முடித்துவிடுகிறார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் ஓரம் தேடிக் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும். தடுப்பு மட்டும் நடு ஓடையில் தீவாக நிற்கும். நடுப்பகுதி ஓரங்களைவிட ஓர் அடியாவது தாழ்ந்திருக்கட்டும், அங்கே 2 அடி உயரம் போதும். அடியில் ஓர் அடி ஆழக் கடைகால், இரு கரைக்குள்ளும் 2 அடி நுழைவு. கீழ்ப்புறம் ஓர் அடி உயரத்துக்கு 2 அடி சரிவு. விழும் தண்ணீர் பள்ளம் பறிக்காமல் இருக்க, அதற்குக் கீழே இன்னும் 4 அடிக்குக் கல் பாவுங்கள்.

அடுத்த தடுப்பு எங்கே? மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் தாழ்ந்த நடுத் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். 100 அடிக்கு 5 அடி சரியும் ஓடையில் 40 அடிக்கு ஒன்று. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள், கண்மட்டம் ஏமாற்றும்.

கல்லை ஓடையிலிருந்தே பொறுக்காதீர்கள். அயிரையும் நண்டும் அந்தக் கல்லடியில்தான் இருக்கின்றன; படுகை அரிக்காமல் காப்பதும் அதே கல்தான். நிலத்தில் பொறுக்கிப் போட்ட கரட்டுக்கல் குவியல் எந்த ஊரில் இல்லை? உருண்டைக் கல் வேண்டாம், உருண்டோடிவிடும். பெரிய கல் வெளியே, சிறியது உள்ளே. சிமெண்ட் பூசினால் மீனுக்கு வழி அடைந்துவிடும்.

சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து ஒரே நாளில் வேரோடு பிடுங்கினால், அது பிடித்திருந்த கரையும் சேர்ந்து போகும். முதலில் வெட்டுங்கள், இடையில் புங்கன், நொச்சி, வெட்டிவேர் நடுங்கள். அவை பிடித்த பிறகு வேரை எடுக்கலாம். துளிர்த்தால் திரும்ப வெட்டத்தான் வேண்டும்.

கோடையில் ஏரி தூர் வாரும்போது சேற்றில் புதைந்து கிடக்கும் பால் ஆமை மண்வெட்டியில் மாட்டும். வீட்டுக்குத் தூக்கிப் போகக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அருகிலேயே ஈரச் சேற்றில், நிழலில் விடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி முதலில். வேலை மே மாதத்துக்குள் முடியட்டும்; நமக்கு ஆடி ஆவணியிலேயே இடிமழை உண்டு. முதல் பெருமழை கழிந்ததும் போய்ப் பாருங்கள். நடுக்கல் நகர்ந்திருந்தால் அதைவிடக் கனமான கல் அங்கே வேண்டும்.