சைகோன் வாத்தியாரின் தளபதி

கணக்கு வாத்தியாரின் பிரம்பு, மணி அடிக்கும் தாத்தா, பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்று விற்ற ஆயா என்று நம் முன்னாள் மாணவர் சங்க மலரில் எழுத வேண்டியவர்களைப் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். விட்டுப்போனவர் சைகோன் வாத்தியார். 1975க்குப் பிறகு புதுச்சேரிக்கு வந்து நம் பள்ளியில் வரலாறும் பிரெஞ்சும் எடுத்தவர். தந்தை நம் ஊர்க்காரர், சைகோனில் சந்தை வரி வசூல் பார்த்தவர். தாய் வியட்நாமியப் பெண். வாத்தியாரின் சட்டைப் பையில் கண்ணாடித் தாளில் சுற்றிய செந்நிற நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். தென்வியட்நாம் அரசு 1966இல் வெளியிட்ட 100 டாங் நோட்டு. வெளியிட்ட நாடே இல்லாமல் போன பிறகு அதைக் கொடுத்து ஒரு வாழைப்பழம்கூட வாங்க முடியாது. அதில் அச்சாகியிருந்த முகத்துக்காகத்தான் அவர் அதை வைத்திருந்தார். லே வான் யுயெட் என்ற தளபதியின் முகம் அது.

பாடத்தில் டூப்ளே, லாலி, வந்தவாசி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அவர் கிழக்கே திரும்பிவிடுவார். அப்புறம் மணி அடிக்கும்வரை வியட்நாம்தான். "இது உங்கள் கடற்கரை வழியாகப் போன போர், கவனித்துக் கேளுங்கள்" என்பார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. 1771இல் நடு வியட்நாமின் தேய் சோன் என்ற ஊரிலிருந்து மூன்று சகோதரர்கள் கலகம் செய்து கிளம்பினார்கள். அப்போது பேரரசர் பெயருக்குத்தான் இருந்தார்; வடக்கைத் திரின் குடும்பமும் தெற்கை நுயென் குடும்பமும் ஆண்டுவந்தன. ஊர்ப் பெயராலேயே தேய் சோன்கள் எனப்பட்ட சகோதரர்கள் இரண்டையும் சாய்த்தார்கள். 1777இல் தெற்குக் குடும்பத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். தப்பிய நுயென் ஆனுக்கு அப்போது 15 வயது. அவன் சதுப்பு நிலங்களிலும் தீவுகளிலும் ஒளிந்து திரிந்தான், சயாம் மன்னரிடம் போய்த் தங்கினான். கடைசியில் தன் சிறு வயது மகன் இளவரசன் கானைப் பிஞோ தெ பெயேன் என்ற பிரெஞ்சு ஆயரிடம் ஒப்படைத்து உதவி கேட்டு அனுப்பினான். அந்த ஆயரும் சிறுவனும் 1785இல் வந்து இறங்கியது புதுச்சேரியில்.

ஆயருக்கு நம் ஊர் புதிதல்ல. அதற்கு முன்பே வீராம்பட்டினத்தில் குருமடம் நடத்தி, அங்கே உட்கார்ந்து வியட்நாமிய-இலத்தீன் அகராதி தொகுத்தவர். ஆடித் தேருக்கு வீராம்பட்டினம் போய்வந்த நமக்கு இதை யாரும் சொன்னதில்லை. 1787இல் வெர்சாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் படை அனுப்ப வேண்டிய புதுச்சேரி ஆளுநர் கான்வே கையை விரித்துவிட்டார். ஆயர் சொந்த முயற்சியில் பணம் திரட்டி, கப்பலும் ஆட்களும் சேர்த்துக்கொண்டு 1789இல் நம் துறையிலிருந்து புறப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள்தான் நுயென் ஆனுக்கு ராஜ்யம் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. வாத்தியாருக்கு அது பிடிக்காது. போரில் செத்தவர்களும் வென்றவர்களும் பெரும்பாலும் மேகாங் கழிமுகத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் என்பார். நோட்டை வெளியே எடுப்பதும் அப்போதுதான்.

லே வான் யுயெட் அப்படிப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைதான். 1760களில் பிறந்தவர், ஆணுக்குரிய உடலமைப்பு பிறவியிலேயே முழுமையாக இல்லாதவர். வாத்தியார் இதைச் சொன்னதும் பின் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அவர் அதட்டவில்லை; சிரித்து முடிக்கட்டும் என்று சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: நுயென் ஆனிடம் அந்தப்புர வேலைக்காரனாகச் சேர்ந்த அந்த இளைஞன் இருபது ஆண்டுகளில் அந்தப் படையின் முதல் வரிசைத் தளபதிகளில் ஒருவன் ஆனான்.

1801இல் குயி நோன் அருகே தி நாய் துறைமுகத்தில் நடந்த போரை மட்டும் அவர் படம் போட்டு விளக்குவார். துறைமுகத்தின் பெயருக்கு இன்னொரு தடவை சிரித்தோம். குறுகலான வாய், உள்ளே தேய் சோன் கப்பற்படை, மேட்டில் பீரங்கிகள். இரவில் நுழைந்தார்கள். உடன் போன தளபதி வோ யி நுய் பீரங்கிக் குண்டு பட்டு மாண்டார். சேதத்தைப் பார்த்த நுயென் ஆன் பின்வாங்கச் சொல்லி ஆள் அனுப்பினார். யுயெட் கேட்கவில்லை. தீப்படகுகளை உள்ளே விட்டு எதிரியின் கப்பல்களை எரித்துவிட்டார். அந்தக் கடற்படைக்கு அதன் பிறகு எழுச்சியே இல்லை. தோற்றிருந்தால் கட்டளை மீறியதற்குத் தலை போயிருக்கும். வென்றதால் அரசரின் செல்லப்பிள்ளை ஆனார்.

அதே நேரம் சற்று உள்ளே பின் டின் கோட்டையில் நுயென் ஆனின் மைத்துனர் வோ தான் ஓராண்டுக்கும் மேலாக முற்றுகைக்குள் கிடந்தார். என்னைக் காப்பாற்ற வர வேண்டாம், எதிரி இங்கே மாட்டிக்கொண்டிருக்கும்போதே தலைநகரைப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தலைநகர் ஃபூ சுவான், இன்றைய ஹுவே, விழுந்தது. கோட்டையில் அரிசி தீர்ந்ததும் வோ தான், தன் வீரர்களை விட்டுவிடும்படி எதிரித் தளபதி திரான் குவாங் யியூவுக்குக் கடிதம் எழுதிவிட்டு, வெடிமருந்தை அடுக்கித் தன்னையே கொளுத்திக்கொண்டார். யியூ உள்ளே வந்து அவரை மரியாதையுடன் அடக்கம் செய்தார். வீரர்களில் ஒருவரையும் தொடவில்லை. மறு ஆண்டு நுயென் ஆன் ஜியா லாங் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் பேரரசர் ஆனார். யியூவுக்கு மரண தண்டனை விதித்தார். யியூவின் மனைவி புய் தி சுவானும் தளபதிதான். அவரை யானைக் காலில் இட்டுக் கொன்றார்கள்.

இந்த இடத்தில் கரும்பலகையில் இரண்டு பத்திகள் விழும். இடதுபுறம் 'கல்லறை யாருடையது', வலதுபுறம் 'தோண்டியவர் யார்'. நுயென் முன்னோர்களின் கல்லறைகளைத் தேய் சோன்கள் தோண்டினார்கள். 1789இல் சீனப்படையை விரட்டிய தேய் சோன் பேரரசர் குவாங் சுங்கின் கல்லறையை ஜியா லாங் தோண்டி, எலும்பை இடித்துத் தூளாக்கி, மண்டையோட்டைச் சிறையில் பூட்டினார். மூன்றாவது வரியில் வலதுபுறம் மின் மாங், ஜியா லாங்கின் மகன் என்று எழுதிவிட்டு, இடதுபுறத்தை வெறுமையாக விட்டு எங்களைப் பார்ப்பார். அந்தக் கேள்வி தேர்விலும் வந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விக்கு மதிப்பெண் போட்ட ஒரே வாத்தியார் அவர்தான்.

விடை லே வான் யுயெட். போருக்குப் பிறகு அவர் சைகோனில் இருந்துகொண்டு தெற்கு முழுவதையும் ஆண்டார். 1812 முதல் சில ஆண்டுகள், மறுபடியும் 1820 முதல் சாகும்வரை. 1822இல் இந்தியத் தலைமை ஆளுநரின் தூதராகக் கல்கத்தாவிலிருந்து வந்த கிராஃபர்டை வரவேற்றது இவர்தான். யானைக்கும் புலிக்கும் சண்டை விட்டுக் காட்டினார். புலியின் வாயைத் தைத்து, நகங்களைப் பிடுங்கிவிட்டுத்தான் சண்டை. கூட வந்த மருத்துவர் ஃபின்லேசன், இவ்வளவு பெரிய அதிகாரி ஏழைகள் உடுத்துவது போன்ற உடையில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்.

வாத்தியாருக்கு அவர்மேல் பக்தியே உண்டு. எனக்கு அந்த அளவுக்கு இல்லை. சக தளபதி நுயென் வான் தானின் மகன் எழுதிய ஒரு கவிதையை அரசரிடம் கொண்டுபோனவர் யுயெட். அந்த வழக்கு 1817இல் தானின் தற்கொலையில் முடிந்தது. சாவ் தோக் ஊரிலிருந்து ஹா தியென் பக்கம் வெட்டிய வின் தே கால்வாய்க்கு அவர் காலத்தில் பல்லாயிரம் வியட்நாமியரும் கம்போடியாவின் கெமர் மக்களும் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். ஊழல் செய்த மின் மாங்கின் மாமனாரை யாரையும் கேட்காமல் வெட்டித் தலையை ஹுவேவுக்கு அனுப்பினார் என்ற கதையை வாத்தியார் கையை ஓங்கிச் சொல்வார். அரசவைக் குறிப்புகளின்படி, விசாரணையும் தண்டனையும் அரசரின் ஒப்புதலோடுதான் நடந்தன. ஆனால் ஒன்று உண்மை: கிறித்தவர்களை ஒடுக்கச் சொன்ன மின் மாங்கின் ஆணை சைகோனில் அவர் உயிரோடு இருந்தவரை செல்லவில்லை. இவர்களும் நம்மோடு நின்று சண்டை போட்டவர்கள் என்பது அவர் வாதம்.

1832இல் இறந்தார். கிழவர் போகட்டும் என்று காத்திருந்த அரசர் அந்தப் பதவியையே ஒழித்தார். புதிய அதிகாரிகள் அவருடைய கணக்குகளைத் துருவினார்கள். மறு ஆண்டே வளர்ப்பு மகன் லே வான் கோய் கலகம் செய்து சைகோன் கோட்டையைப் பிடித்தான். 1835இல் கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்தவர்களை ஆண், பெண், குழந்தை பார்க்காமல் வெட்டி ஒரே குழியில் போட்டார்கள். ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. செத்து மூன்று ஆண்டான யுயெட்டின் கல்லறையைத் தரைமட்டமாக்கி, இரும்புச் சங்கிலி பூட்டி, இங்கேதான் இவன் தண்டனை பெற்றான் என்று கல் நட்டார் மின் மாங். சங்கிலியை அவிழ்த்ததும் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்ததும் அவருடைய மகனும் பேரனும்.

வேலை நிமித்தம் சைகோன் போனபோது பா சியூ சந்தைக்கு எதிரே இருக்கும் அந்த இடத்துக்குப் போனேன். பெயர் சொல்லாமல் 'ஐயாவின் சமாதி' என்று பொருள்பட லாங் ஓங் என்கிறார்கள். வாத்தியாரின் தாயார் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கும் புத்தாண்டன்று இங்கேயும் போவாராம். ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கல்லறைகள், பாதி முட்டையைக் கவிழ்த்தது போல. மற்றொன்று அவருக்கு அரசர் மணம் முடித்து வைத்த மனைவியுடையது. ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண், மூங்கில் குவளையைக் குலுக்கிக் குறிச்சீட்டு விழக் காத்திருந்தார். இரண்டு முறை விழுந்தது பிடிக்காமல் மூன்றாவது முறையும் குலுக்கினார்.

வாத்தியாரின் பட்டியலில் நான்காவது வரியை நான் சேர்க்கிறேன். 1799இல் போர்க்களத்திலேயே நோயில் இறந்த நம் ஆயரின் சமாதி சைகோன் விமான நிலையத்துக்கு அருகே இருந்தது. 1983இல் அதை இடித்து, எச்சத்தை எரித்துச் சாம்பலை பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது பாரிஸ் மறைபரப்புச் சபையின் இல்லத்தில், ரூ து பாக் தெருவில் இருக்கிறது. அற்புதப் பதக்க மாதாவைப் பார்க்க நம் வீட்டுப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்களே, அதற்குச் சில வாசல்கள் தள்ளி.

சங்கத்தில் வியட்நாம் சுற்றுலா என்ற பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் அவர்களுடைய நாள்காட்டியில் ஏழாம் மாதம் முடிந்து எட்டாம் மாதம் பிறக்கும் நேரத்துக்கு வையுங்கள். நம் கணக்கில் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். லாங் ஓங்கில் அப்போதுதான் நினைவு விழா. யுயெட்டுக்கு உயிரான ஹாட் போய் கூத்தும் உண்டு. நாள் போதாவிட்டால் ஹா லாங் விரிகுடாவில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம்.