மூன்று பேர் பேசினால் ஊரே காத்திருக்கும்

செல்போன் டவர்களுக்கு அலைவரிசை பிரித்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஊர் வரைபடத்தின் மேல் ஒவ்வொரு டவரின் எல்லையையும் பென்சிலால் அறுகோணமாகப் போட்டுக்கொண்டே இருப்பேன். "என்ன, தேன்கூடு கட்டுறீங்களா?" என்பாள் மனைவி.

அந்தத் தேன்கூடு வருவதற்கு முன் அமெரிக்காவில் பட்ட பாடு பெரிய கதை. 1946 ஜூன் 17 அன்று செயின்ட் லூயிஸில் கார் போன் சேவை தொடங்கியது. கருவியே ஏறக்குறைய 36 கிலோ! ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் பேசலாம். நான்காவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் சேனல்களை, அதாவது ஒரு பேச்சுக்கு ஒதுக்கும் அலைவரிசைத் துண்டுகளை, ஒல்லியாக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 1964-இல் வந்த மேம்பட்ட முறையில் காலியான சேனலைக் கருவியே தேடிப் பிடித்தது. அதற்கு முன் காரில் இருப்பவர்தான் திருகித் திருகித் தேட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. வங்கியில் எல்லா கவுன்டருக்கும் ஒரே வரிசை வைப்பது போல, இருக்கிற சேனல்களிலேயே இன்னும் கொஞ்சம் பேரை ஏற்றலாம்.

கொஞ்சம்தான். 1976-இல் நியூயார்க்கில் 12 சேனல்கள், ஐந்நூற்றுச் சொச்சம் சந்தாதாரர்கள். இடம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், விடை 1947-லேயே பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில் இருந்தது: ஊரை (என் அறுகோணங்கள் போல) சிறு செல்களாகப் பிரி, சக்தியைக் குறை, அதே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் செல்லில் மறுபடி பயன்படுத்து. ஆனால் ஓடும் காரில் நடக்கும் பேச்சை, அறுபடாமல் செல் விட்டு செல் மாற்றிவிடக் கணினி வேண்டும். அரசு போதிய அலைவரிசையும் ஒதுக்க வேண்டும். சிகாகோவில் வணிகச் சேவை தொடங்கியது 1983 அக்டோபரில்தான்.

சரி, என் அறுகோணங்கள்? நடுவில் ஒரு குன்று வந்து சிக்னலை மறைத்தால் போதும், ரப்பரை எடுக்க வேண்டியதுதான்.