பிளவுஸ் கடைக்கு ஒரு ரோபோ

எனக்கு சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "நீங்க தூங்கும்போதும் உங்க பேஜ் வேலை செய்யும்." கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் சில சின்னக் கடைகளின் இன்ஸ்டாகிராமையும் முகநூலையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பேஜ் ராத்திரியெல்லாம் வேலை செய்தால் எனக்கும் சந்தோஷம்தான். அது யார் வாசலில் போய் நிற்கிறது என்று கேட்டால் மட்டும் விற்பனையாளர் பேச்சை மாற்றிவிடுவார்.

துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் பிளவுஸ் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆரி வேலை, மணப்பெண் பிளவுஸ், எல்லாம் கைநேர்த்தியாக இருக்கும். நான் வருவதற்கு முன் அவருடைய இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொண்டவர், தானாக ஃபாலோ செய்து தானாக லைக் போடும் ஒரு கருவியை மாட்டி வைத்திருந்தார். தமிழ் ஹேஷ்டேக் எங்கே கண்ணில் பட்டாலும் அது போய் "சூப்பர் சிஸ்" என்று எழுதிவிட்டு வரும். ஃபாலோவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. யார் பார்க்கிறார்கள் என்று கணக்குக் காட்டும் இன்சைட்ஸைத் திறந்து ஊர்ப் பட்டியலைப் பார்த்தேன். சென்னை, கோயம்புத்தூர், சேலம், அதற்குக் கீழேதான் கோலாலம்பூர். அளவு கொடுக்க சேலத்திலிருந்து யார் பிளைட் ஏறி வரப் போகிறார்கள்? பார்த்துவிட்டுத் தொடாமல் தள்ளிவிடும் கூட்டம் பெருகினால், இன்ஸ்டாகிராமும் அந்தப் போஸ்டை மேற்கொண்டு பரப்பத் தயங்கும். பூச்சோங்கில் இருக்கும் மணப்பெண்ணுக்கு அது போய்ச் சேருவதே இல்லை.

இந்த வகைக் கருவிகள் விதிமீறல் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்தில் பலரும் பயன்படுத்திய இன்ஸ்டாகிரெஸ், இன்ஸ்டாகிராம் கேட்டுக்கொண்டதால் 2017இல் கடையைச் சாத்தியது. இப்படி வரும் போலி லைக், போலி ஃபாலோ, போலி கமெண்ட் எல்லாவற்றையும் அகற்றப்போவதாக 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராமே அறிவித்தது. ஆனாலும் புதுப் பெயரில் இன்றைக்கும் விற்கிறார்கள்.

சரி, ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நான் கையால்தான் செய்கிறேன். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் போன்ற கல்யாணம் நடக்கும் இடங்களின் லொக்கேஷன் பக்கத்தைத் திறந்து, எந்த மேக்கப் ஆர்டிஸ்டை டேக் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்த ஆர்டிஸ்டுகளில் நாலைந்து பேரோடு அக்காவைப் பேச வைத்தால், ஆயிரம் "சூப்பர் சிஸ்" கொண்டுவராத ஆர்டர் வருகிறது. விளம்பரத்துக்குக் காசு போட்டால் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். மதம், இனம் போன்றவற்றோடு ஒட்டிய விருப்பங்களை வைத்து ஆள் தேடும் வசதிகளை, இன்ஸ்டாகிராமுக்கும் முகநூலுக்கும் சொந்தக்காரரான மெட்டா 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. அதனால் நான் அதிகம் நம்புவது, அக்காவின் ரீல்ஸைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களுக்கு மட்டும் அடுத்த விளம்பரத்தைக் காட்டும் வசதியை. ஆரி ஊசி குத்துவதை அத்தனை நேரம் பொறுமையாகப் பார்ப்பவர் சும்மா பார்க்கவில்லை.

அப்புறம்தான் ரோபோ வருகிறது. மேனிசாட் போன்ற கருவிகளில், போஸ்டுக்குக் கீழே குறிப்பிட்ட சொல்லை யாராவது எழுதினால் அவருக்குத் தானாக டி.எம்., அதாவது தனிச்செய்தி, போகும்படி வைக்கலாம். சொல் பட்டியலை அமைக்கும்போதுதான் நம் ஊர் நம் ஊராகத் தெரியும். 'விலை' என்று தமிழில் எழுதுபவர் அபூர்வம். 'பிரைஸ்', 'ஹவ் மச்', 'எவ்ளோ கா', 'பெராப்பா', 'ஸ்லாட் அடா', 'பி.எம்.' என்று தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்று மொழியிலும் ஆங்கில எழுத்தில் வரும். எழுத்துப் பிழையோடும் வரும். அக்காவின் பழைய கமெண்டுகளை உட்கார்ந்து படித்துத்தான் பட்டியல் போட்டேன். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் இதெல்லாம் கிடைக்காது.

மெட்டா வைத்திருக்கும் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். கமெண்ட் போட்டவருக்கு ஏழு நாளுக்குள் ஒரே ஒரு செய்திதான் தனியாக அனுப்பலாம். அவர் பதில் எழுதினால்தான் பேச்சைத் தொடர முடியும், அதுவும் அவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள். எனவே அந்த ஒரு செய்தியில் விலைப்பட்டியலைக் கொட்டினால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் ஒரு கேள்வியை வைத்தோம். முதலில் நான் எழுதியது "அன்பான வாடிக்கையாளரே, வணக்கம்" என்று ஆரம்பித்தது. அக்கா படித்துவிட்டு, "இது யாரு, பேங்க்கா?" என்றார். கடையில் அவர் எப்படிப் பேசுகிறாரோ அதையே எழுதி, அவர்கள் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்திலேயே போட்டோம்: "வாம்மா, என்ன ஃபங்ஷன்? எந்தத் தேதிக்கு வேணும்?" தேதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நாளைக்கே வேண்டும் என்பவரும் இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம் வைத்திருப்பவரும் அங்கேயே பிரிந்துவிடுவார்கள். அதற்குமேல் ரோபோவுக்கு வேலை இல்லை. அக்கா ஒரு வார்த்தை டைப் செய்தாலும் அது வாயை மூடிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்வதுபோல அசிங்கம் வேறில்லை.

வாட்ஸ்அப்பில் இன்னும் கவனம் வேண்டும். "கே.எல். இந்தியன் லேடீஸ் நம்பர் லிஸ்ட்" என்று காசுக்கு விற்கிறார்கள். அக்காவிடமும் வந்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "என் நம்பரும் இதுல இருக்கா?" மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, என் விவரத்தை வைத்து நேரடி விளம்பரம் செய்யாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. சட்டத்தை விடுங்கள், தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் நம்பரே முடங்கிப் போகும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை. குறைவுதானே என்பார்கள். நம்பரைச் சேமித்து வைத்த 256 பேர் இருந்தால் அக்காவுக்கு வருஷம் ஓடிவிடும்.

போஸ்டுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்த மெட்டா பிசினஸ் சூட் இலவசமாகவே இருக்கிறது. நானும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் போட்டுவிடுவேன். ஆனால் 2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை காலை, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி இந்தியாவிலிருந்து வந்த பெண் ஒருவர் குழிக்குள் விழுந்தார். அந்தத் தெருவில் இருக்கும் இன்னொரு கடைக்கு அன்று மாலை வெளியாக இருந்த போஸ்டில் "வார இறுதியில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு நடை வாங்க" என்று எழுதி வைத்திருந்தேன். செய்தி பார்த்ததும் எல்.ஆர்.டி. ரயிலில் நின்றபடியே வரிசை முழுவதையும் எடுத்தேன். தேடுதல் ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது, அவர் கிடைக்கவே இல்லை. கடைக்காரர் அந்த நாட்களில் ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எல்லாக் கடையின் வரிசையையும் காலையில் ஒரு தடவை திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தீபாவளி சீசனில் அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "போதும்மா, ஆர்டர் முடிஞ்சிருச்சுன்னு போட்ரு" என்றார். ரோபோவின் பதிலை மாற்றினேன். அன்று சாயங்காலம் வேறு வேலையாகக் கடைக்குப் போனால், வெட்டும் மேசையில் புதிதாகத் துணிப்பைகள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நேர்ல வந்து நிக்கிறாங்கம்மா. உன் ரோபோ இல்லைன்னு சொல்லட்டும், நான் எப்படிச் சொல்றது?"