பெட்டி பெட்டியாக வந்த கார்

கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் ஒரு பிளேஸ்டேஷன் 2 இருந்தது. அதில் ஓடும் கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் ரேஸ் விளையாட்டில் நண்பர்கள் எல்லாரும் ஜப்பான் கார்களுக்கு டர்போ மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டர்ஹாம் செவன் ஃபயர்பிளேடு என்ற குட்டி பிரிட்டிஷ் காரை விடவே இல்லை. நேர்ச்சாலையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போவார்கள்; வளைவு வந்ததும் பிடித்துவிடுவேன். அவர்கள் பிரேக் போட்ட இடத்தைக் கடந்து இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பிரேக் போட்டாலும் அந்தக் கார் நிற்கும், திரும்பும். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன் சக்கரங்கள் உடலுக்கு வெளியே நிற்கும். இப்படி ஒரு கார் நிஜத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததுதான் ஆரம்பம்.

பல வருஷம் கழித்து, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வேலையும் வீடும் அமைந்தபின், அதே செவன் வரிசைக் கார் ஒன்றை நானே கட்டி, அரசுப் பரிசோதனையில் தேற வைத்து, சாலைக்குக் கொண்டுவந்தேன். இதில் இறங்க நினைக்கும் ஒருவருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் காரை ஏன் உதிரியாக வாங்க முடிகிறது என்பது. 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் நிறுவனர் கோலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. அதனால் பலர் காரைப் பெட்டியில்தான் வாங்கினார்கள். 1973-இல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே வருஷம் லோட்டஸ் செவனைக் கைவிட, சர்ரே பகுதியின் கேட்டர்ஹாம் ஊரில் அதை விற்றுக்கொண்டிருந்த கிரஹாம் நியர்னின் கேட்டர்ஹாம் கார்ஸ் உரிமையை வாங்கிக்கொண்டது. வரிச் சலுகை போனாலும் பெட்டியில் வாங்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

நான் எடுத்தது செவன் 360. ஃபோர்டின் 2 லிட்டர் டியூராடெக் இன்ஜின், 180 குதிரைத்திறன், எடை சுமார் 560 கிலோ. சாதாரண ஹேட்ச்பேக் கார் ஒன்றில் பாதி எடைதான். லாரி வந்து இறக்கிவிட்டுப் போன அன்று கராஜில் அலுமினியத் தகடு போர்த்திய ஒரு எஃகுக் குழாய்ச் சட்டம், ஒரு இன்ஜின், ஒரு கியர்பாக்ஸ், சுவர் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். பிரேக் குழாய்களும் வயரிங்கும் சட்டத்திலேயே போட்டுத்தான் வரும். மற்றதெல்லாம் நம் வேலை.

முதல் இரண்டு வார இறுதிகளில் ஸ்பேனரையே தொடவில்லை. பெட்டிகளைப் பிரித்து, பாகங்களைச் சரிபார்த்து, போல்ட்களை அளவு வாரியாகச் சமையலறை டப்பாக்களில் போட்டுப் பேர் ஒட்டினேன். வீண் வேலை என்று தோன்றும், இல்லை. பிறகு ஒரு போல்ட்டைத் தேடி ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை.

முன் சஸ்பென்ஷன் சுலபம். ஸ்டீயரிங் ரேக், விஷ்போன், டாம்பர் எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கின்றன. இன்ஜினும் பயப்பட்ட அளவுக்கு இல்லை. கியர்பாக்ஸை வெளியிலேயே இன்ஜினோடு சேர்த்து, வாடகைக்கு எடுத்த கிரேனில் தொங்கவிட்டு, வால் பக்கம் தாழச் சாய்த்து முன்னால் இருந்து உள்ளே இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் விரல் நுழையாத இடைவெளி. பெயின்ட் மேல் பழைய துண்டு, அட்டை எல்லாம் கட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பக்கம் பிடிக்க, மூன்று மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டது.

என்னை உண்மையிலேயே சோதித்தது, இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல். சட்டத்தின் பின்பக்கத்தில் அதை நீளமான போல்ட்களில் தொங்கவிட வேண்டும். அது சட்டத்தின் நடுவில், இருபுறமும் சம தூரத்தில் நிற்க வேண்டும். இடைவெளியை நிரப்ப மெல்லிய வாஷர்கள். எத்தனை வாஷர் எந்தப் பக்கம் என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அந்த இடத்தில் கை நுழையாது. நுழைந்தால் கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டைத் தள்ளும்போது வாஷர் நழுவிக் கீழே விழும். நான் காருக்கு அடியில் குளிர்ந்த சிமென்ட் தரையில் படுத்திருக்கிறேன், மனைவி ஜாக்கியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்றி இறக்குகிறாள். "என்னங்க, இந்தப் பக்கம் ரெண்டா, மூணா?" என்று ஒரு பத்துத் தடவை கேட்டிருப்பாள். கடைசியில் அவள் சொன்ன வழிதான் பலித்தது: வாஷர்களைச் சேர்த்து ஒரு செலோடேப் துண்டில் வால் விட்டு ஒட்டி, அந்த வாலைப் பிடித்து இடுக்கில் இறக்கினோம். போல்ட் உள்ளே போனதும் டேப்பை உருவி எடுத்தாகிவிட்டது. ஒரு முழுச் சனிக்கிழமையும் ஞாயிறு மதியம் வரையும் அதற்கே போனது. கட்டப் போகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், அந்த நாளில் தனியாக வேலை செய்யாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒன்று முக்கியம். இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரில் சும்மா சுற்றவிட வேண்டும், ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை. அந்த முள் அசையாமல் இருந்த சில விநாடிகள் எனக்கு மிக நீளமாக இருந்தன. எழுந்தது. இணைப்பைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். பக்கவாட்டு எக்ஸாஸ்ட்டில் இருந்து வந்த சத்தத்தில் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் ஐவிஏ. சொந்தமாகக் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட பிரிட்டனில் இந்தத் தனி வாகன ஒப்புதல் பரிசோதனையில் தேற வேண்டும். நீங்களே கட்டியதற்குப் படங்களும் ரசீதுகளும் சான்றாக வேண்டும், எனவே முதல் நாளிலிருந்தே படம் எடுத்து வையுங்கள். பிரேக், புகை, ஹெட்லைட், கண்ணாடியில் தெரியும் பரப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. எக்ஸாஸ்ட் சத்தம் 99 டெசிபெலைத் தாண்டக் கூடாது.

ஆனால் செவனுக்கு நிஜமான சோதனை விளிம்புகள்தான். மூடிய காரில் ஒளிந்திருக்கும் சஸ்பென்ஷனும் நட்டும் போல்ட்டும் இதில் வெளியே தெரிகின்றன. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டை எங்கெல்லாம் தொட முடியுமோ, அங்கெல்லாம் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். அதற்காக நட்டுக்கு நட்டு பிளாஸ்டிக் தொப்பி, தகடு விளிம்புக்கெல்லாம் ரப்பர் பட்டை.

இரவல் டிரெய்லரில் காரை ஏற்றிக் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். பரிசோதகர் பொறுமையான மனிதர். உருண்டையைக் காரைச் சுற்றி உருட்டிக்கொண்டே வந்தவர், இடது முன் சக்கர மட்கார்டைத் தாங்கும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே ரப்பர் பட்டை அரை அங்குலம் குறைவு. கூடவே ஒரு ஹெட்லைட் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, நான் சரியாக இறுக்காததுதான். அன்று தேறவில்லை. மனசு ரொம்ப கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் காரணங்களைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். மறுபரிசோதனையில் அந்த இரண்டை மட்டும் பார்த்தார்கள், சான்றிதழ் கைக்கு வந்தது.

மிச்சம் காகித வேலை. சான்றிதழையும் விண்ணப்பத்தையும் ஸ்வான்சியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அனுப்பி, சில வாரம் காத்திருந்து, பதிவு எண் வந்ததும் நம்பர் பிளேட் அடித்து மாட்டினேன். அக்டோபரில் இறங்கிய பெட்டிகள் மே மாதம் சாலைக்கு வந்தன.

முதல் ஓட்டம் வொர்செஸ்டர்ஷயர் கிராமச் சாலையில், சாயங்காலம். பெடல்கள் அவ்வளவு நெருக்கம், ஒல்லியான ஷூ போடாவிட்டால் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் மிதித்துவிடுவோம். நாமே தரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது, நான் கையால் பூட்டிய இடது சக்கரம் கண்ணெதிரில் திரும்புவதையும், மேட்டில் ஏறி இறங்குவதையும் பார்த்தேன். விடுதி அறையில் புரியாதது அப்போது புரிந்தது. நிறுத்தவும் திருப்பவும் வேண்டிய எடை என்று அந்தக் காரில் அதிகமாக ஒன்றுமே இல்லை. இருக்கிற ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தவன் நான்.

மறுநாள் காலை காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, டிஃபரென்ஷியல் போல்ட்கள் ஒவ்வொன்றிலும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.