அடுக்களைத் தண்ணீரில் வாழைவட்டம்: விளவங்கோட்டுப் பக்கம் செய்து பார்த்தது

அடுக்களைக் கழிவுத் தண்ணீரை ஒரு குழிக்கு விட்டு, அதில் தழையும் சருகும் குவித்து, சுற்றுக் கரையில் வாழை நடுவதுதான் வாழைவட்டம். குழி எடுக்கச் சித்திரைதான் தோது. இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் கரை இறுகிவிட வேண்டும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, அடுக்களையை விடத் தாழ்ந்த இடமாகப் பார்க்கவும். இங்கே மேல்மண்ணுக்குக் கீழே சரள். மம்பட்டி இறங்காது, கூந்தாலி (பிக்காசு) வேண்டும். வாய் அகலம் 4 அடி, ஆழம் இரண்டரை அடி, அடிப்பக்கம் கிண்ணம்போலக் குறுகல். சரளை முதலில் கரையாகப் போட்டு மிதித்து, தனியே ஒதுக்கிய மேல்மண்ணை அதன்மேல் பரப்பணும். நிரப்பும் முன் 3 வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும். மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடம் ஆகாது, கொசுதான் வளரும்.

அடியில் கைத்தண்டிக் கொம்புகள். அதன்மேல் தேங்காய்த் தொண்டு (உரித்த மட்டை), உட்குழிவு மேலே பார்த்தபடி: அப்படி வைத்தால் தண்ணீரைப் பிடித்து நிற்கும், கவிழ்த்தால் வழிந்துபோகும். வாழைக்கு வேண்டிய சாம்பல்சத்தும் தொண்டில் உண்டு. பிறகு சீமைக்கொன்னை (கிளைரிசிடியா) தழை ஒரு பங்கு, சருகும் ஓலையும் மூன்று பங்கு என்று மாறி மாறி, கரைக்கு மேல் 2 அடி உயரும்வரை. இந்தக் குவியல்தான் முக்கியம். வாழையை மட்டும் கவனித்துக் குவியலை விட்டால் அது வெறும் சாக்கடைக் குழி.

குழாய் 2 அங்குலப் பிவிசி, 4 அடிக்கு 1 அங்குலம் சரிவு. நுனி குவியலுக்கு மேலே தொங்க வேண்டும். உள்ளே புதைத்தால் வேரும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வெளியே துளையிட்ட வாளியில் தேங்காய்ச் சகிரி (நார்) திணித்து வைத்தால் பிசுக்கு அதிலேயே தங்கும்; வாரம் ஒருமுறை சகிரியை மாற்றணும். துணி துவைத்த தண்ணீரை விடாதீர்கள். சோப்புத்தூளிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

கரையில் 4 கன்று போதும். ஐந்தாவது வைத்தால் குலை சிறுக்கும். ஒன்றரை, இரண்டு கிலோ கிழங்குள்ள ஈட்டி இலைக் கன்றாக எடுத்து, வேரைச் செதுக்கி, சாணமும் சாம்பலும் கரைத்துப் பூசி உலர்த்தி நடணும். கூன்வண்டு துளைத்த கிழங்கைச் செதுக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். கருந்துளை தெரிந்தால் நடவே கூடாது. வாழை ரகங்களில் பாளையங்கோடன் கவனிப்புக் குறைந்தாலும் தாங்கும். மட்டி, செவ்வாழைக்குக் காற்றுக்காலத்தில் முட்டு கட்டாயம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிக்கு ஓர் இடம் ஒதுக்கலாமே! இடைவெளியில் சேம்பு நட்டால் கரை மழையில் கரையாது.

ஆடிக்குள் குவியல் பாதியாக இறங்கும். அது நல்ல அறிகுறி. நாற்றம் அடித்தால் பச்சையும் தண்ணீரும் மிகுதி, சருகு கூட்டினால் மாறும். ஐப்பசி அடைமழைக்கு முன் கரையின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வழிவாய் வெட்டி அடுத்த தென்னந்தடத்துக்கு விடுங்கள். தை, மாசியில் ரப்பர் இலை கொட்டும்போது சாக்கில் கட்டி வைத்தால் ஆண்டு முழுதும் நிரப்ப ஆகும்.

தென்னை நிற்கும் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்) ஒரு ஆபத்து உண்டு. மக்கிய குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மாதம் ஒருமுறை கம்பியால் கிளறினால் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடக்கும். கோழிக்குப் போட்டுவிடலாம். விட்டால் வண்டாகித் தென்னங்குருத்தைத் தின்னும்.

குலை வெட்டியதும் தண்டை முழுசாகக் கிடத்தாதீர்கள், கூன்வண்டு அதில்தான் பெருகும். நீளவாக்கில் பிளந்து, ஒரு அடித் துண்டாக நறுக்கி, இரண்டு நாள் காயவிட்டுக் குவியலில் போடுங்கள்.