ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பது

புது ஆல்பம் என்றால் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ முதல் முறை கேட்டுவிடுவேன். பழைய ஆல்பத்தின் மறுவெளியீட்டுக்கு அது சரிப்படாது. மே மாதமானாலும் திருவல்லிக்கேணி வீட்டில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன். பழைய டேப்பின் இரைச்சலும் ஃபேன் சத்தமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். எது பாட்டில் இருக்கிறது, எது கூரையில் சுற்றுகிறது என்று பிரித்தறியாமல் மதிப்புரை எழுத முடியாது. "இந்தப் புழுக்கத்துல ஃபேனை நிறுத்திட்டு என்னடா பண்றே?" என்று அம்மா கதவைத் தட்டுவார். வேலை என்பேன்.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. மதிப்புரை எழுத ஆரம்பித்த புதிதில், எழுபதுகளின் ராக் ஆல்பம் ஒன்று ரீமாஸ்டர் ஆகி, அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தி, வந்தது. அபாரமான தெளிவு என்று எழுதிவிட்டேன். பழைய ரெக்கார்டு விற்கும் பாய் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். அசல் எல்பி ரெக்கார்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டார். "தம்பி, மொதல்ல ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வா. அப்புறம் சொல்லு" என்றார். வால்யூமைச் சமன் செய்ததும் புதியது தட்டையாகக் கேட்டது. டிரம் அடி எதுவும் மற்றவற்றிலிருந்து எழும்பி வரவில்லை. உரத்த இடங்களை அமுக்கி, மொத்தத்தையும் மேலே தூக்கியிருந்தார்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது. 1990களிலிருந்து ஏராளமான சிடிக்கள் அப்படித்தான் வந்தன.

அமெரிக்காவின் பழைய ப்ளூஸ், ஃபோக் என்ற நாட்டார் இசைப் பக்கம் போனால் சிக்கல் வேறு. அங்கே டேப்பே கிடையாது, அரக்குத் தட்டுதான். 1952-ல் ஹாரி ஸ்மித் தன் சேகரிப்பிலிருந்து 84 பாடல்களைத் தொகுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் வெளியிட்டார். 1997-ல் அது சிடியாக வந்தது. அதில் ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் இருக்கிறார். 1928-ல் 'ஓகே' ரெக்கார்டு நிறுவனத்துக்குப் பாடிவிட்டு ஊர் திரும்பி விவசாய வேலை பார்த்தவர். அவலான் என் சொந்த ஊர் என்று ஒரு பாட்டில் அவர் பாடியிருந்ததைப் பிடித்துக்கொண்டு 1963-ல் தேடிப் போனார்கள். ஆள் அங்கேயே இருந்தார். அதே வருடம் நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார், 1966-ல் இறந்தார். யாரோ பழைய தட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டதால் அவருக்குக் கிடைத்த மேடை அது. இதை நினைக்காமல் நான் எந்த மறுவெளியீட்டையும் பிரிப்பதில்லை.

ஹர்ட்டின் கட்டைவிரல் கிட்டாரின் கீழ் ஸ்தாயி நரம்புகளை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மெட்டைப் பாடும். இரைச்சலை வழித்துத் துடைத்த பதிப்பொன்றில், விரல் நரம்பைத் தொடும் அந்த 'டிக்' காணாமல் போயிருந்தது. தட்டின் கரகரப்பும் அந்த 'டிக்'கும் ஒரே உச்ச ஸ்தாயியில் இருப்பவை, ஒன்றைச் சீவினால் மற்றதும் போய்விடும். 1933-ல் மறைந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவை இன்று நாம் கேட்பதும் இப்படிப்பட்ட தட்டுகளில்தான். அவர் பிருகாவின், அந்த வேகமான சுரக்கோவையின், முனை மழுங்கினால் நமக்கு எப்படி வலிக்கும்! அதே வலிதான் இதுவும்.

2025-ல் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் விரிவான பதிப்பாக வந்தது. 1982-ல் வீட்டில் உட்கார்ந்து நாலு டிராக் கேசட் மெஷினில் பாடியது. பேண்டோடு சேர்ந்து ஸ்டுடியோவில் முயன்றும், கடைசியில் அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார். இத்தனை காலம் கேட்கக் கிடைக்காத பேண்ட் பதிவுகளும் புதிய பதிப்பில் உண்டு. அவற்றில் வேகம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஒன்றையும் மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபேனை நிறுத்தி உட்கார்ந்த மூன்று இரவும் கேசட் பதிவுகளுக்குத்தான் திரும்பிப் போனேன். ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஓடும் அந்த இரைச்சலில், அவர் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மதிப்புரையை அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.